சுருதியைத் திருத்தி ‘கமிட்’ கொடுக்கும் முன்...

சினிமாப் பாட்டில் ஒரு ஸ்வரம்கூட விலகுவதில்லையே, எப்படி என்று யோசித்ததுண்டா? பாடுபவர் திறமையோடு கம்ப்யூட்டருக்கும் அதில் பங்குண்டு. நில அதிர்வு அலைகளை வைத்து எண்ணெய் தேடும் துறையில் இருந்த ஆண்டி ஹில்டெபிராண்ட், அதே அலைக் கணக்கைக் கொண்டு 1997-ல் ‘ஆட்டோ-ட்யூன்’ கொண்டுவந்தார்.

சாஃப்ட்வேரில் சுருதியை மேலே கீழே இழுக்கும்போது, பாடிய ஃபைல் அப்படியேதான் இருக்கும். திருத்தம் தனிக் குறிப்பாக நிற்கும். பாட்டு ஓடும்போதெல்லாம் கம்ப்யூட்டர் அதைக் கணக்குப் போட்டே ஆகவேண்டும். ட்ராக் கூடக்கூட மெஷின் திணறும். ‘கமிட்’ கொடுத்தால் திருத்திய குரல் புது ஆடியோ ஃபைலாகிவிடும். பாரமும் குறையும், அந்தத் திருத்தும் சாஃப்ட்வேர் இல்லாத ஸ்டூடியோவிலும் சரியாகக் கேட்கும்.

நம்ம சுங்குவார்சத்திரம் பக்கம் சி.என்.சி. ஓட்டப் போகிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். புரோகிராம் ஸ்கிரீனில் இருக்கும்வரை எத்தனை தடவையும் மாற்றலாம். டூல் இறங்கி வெட்டிவிட்டால்? போச்சு! ஆடியோவில் ஒரு சலுகை: அசல் ட்ராக்கைக் காப்பி எடுத்து மியூட் பண்ணி வைத்தால் திரும்பி வரலாம். இரும்புக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

நம் இசைக்கு இன்னும் ஜாக்கிரதை வேண்டும். ஸ்தாயியை 12 படியாக்கி, படிக்கு 100 சென்ட் என்று வைத்து, குரலைப் பக்கத்துப் படிக்குத் தள்ளுவதுதான் இதன் வழக்கமான வேலை. தோடியின் காந்தாரமோ ஓரிடத்தில் நிற்காது, அசைந்துகொண்டே இருக்கும். அந்தக் கமகத்தைப் பிழை என்று எண்ணி மெஷின் நேராக்கிவிடும். அப்புறம் அது தோடியா? தானாகத் திருத்த விடாமல், பிசகிய இடத்தை மட்டும் கையால் திருத்துவதே மேல் என்பது என் கட்சி. பாடியவரையும் ஒருமுறை கேட்கச் சொல்லுங்கள். குரல் அவருடையது. அவர் தலையாட்டிய பிறகு கமிட் கொடுக்கலாம்.