வீட்டுவேலை யாருடைய வேலை?

பள்ளிக்கூடம் வீட்டுக்குக் கொடுத்துவிடும் வேலைக்குத் தமிழ்நாட்டில் வீட்டுப்பாடம் என்று பெயர். இலங்கையின் மட்டக்களப்பை அடுத்த நாவற்குடாவில் வீட்டுவேலை. முற்றம் கூட்டுவதும் அதே பெயர்தான், கணக்குச் செய்வதும் அதே பெயர்தான். பல வீடுகளில் இரண்டும் தாயின் தலையிலேயே வந்து விழுகின்றன.

கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவே கல்முனை வீதி. காலை ஏழரைக்குத் தொடங்கும் பள்ளிக்கூடம் ஒன்றரைக்கு விடும். சோறு தின்ற கையோடு ரியூசன். அது முடிந்து வரும்போது இருட்டிவிடும். அதற்குப் பிறகுதான் கொப்பி விரியும். சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் பாடத்துக்குப் பத்துப் பறவைகளின் படம் ஒட்டிக்கொண்டு போக வேண்டும் என்பது இரவு எட்டு மணிக்குத்தான் ஞாபகம் வரும். "மறுகா செய்வம் எண்டு இருந்தன் அம்மா." தகப்பன் சைக்கிளை எடுத்துக்கொண்டு கொமினிகேஷன் கடைக்கு ஓடுவார். கடைக்காரருக்கு விளக்கம் தேவையில்லை. பின்னேரம் முழுக்க அதே பத்துப் பறவைகளைத்தான் அச்சடித்துக் கொடுத்திருப்பார். வெட்டுவது அம்மா, ஒட்டுவது அக்கா, பெயர் எழுதுவது மட்டும் பிள்ளை. மறுநாள் அந்தப் பக்கத்தில் சிவப்புப் பேனையால் ஒரு 'நன்று' விழும். யாருக்கு?

தாய் பக்கத்தில் இல்லாத வீடுகளும் உண்டு. மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து மத்திய கிழக்குக்கு வீட்டுப் பணிப்பெண்களாகப் போனவர்கள் ஏராளம். அங்கே தாய் யாருடைய வீட்டு வேலையையோ செய்கிறாள். இங்கே பிள்ளையின் வீட்டுவேலைக்கு அம்மம்மா காவல். அவர் கண்ணாடியைத் தேடி எடுப்பார். பின்னத்தைக் கூட்டிக் காட்டச் சொன்னால் என்ன செய்வார்?

வீட்டுவேலை வேண்டுமா வேண்டாமா என்ற வாதம் உலகெங்கும் பழையது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 1901இலேயே சிறுபிள்ளைகளுக்கு அதைத் தடை செய்தது, பிறகு கைவிட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். கிருபாகரன் 2018 மே மாதம் முதலாம், இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று உத்தரவிட்டார். புத்தகப்பையின் பாரத்தைக் குறித்து, பிள்ளைகள் பளு தூக்குபவர்கள் அல்லர் என்றும் சொன்னார். இந்தியாவின் 2020ஆம் ஆண்டுப் புத்தகப்பை கொள்கை அதே வழியில் போய், மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை வாரத்துக்கு இரண்டு மணி நேரம் போதும் என்கிறது. சீனா 2021இல் முதல் இரண்டு வகுப்புகளுக்கு எழுத்து வேலையே வேண்டாம் என்றது. போலந்து 2024இல் முதல் மூன்று வகுப்புகளுக்குப் பெரும்பாலும் நிறுத்தியது.

ஆய்வு என்ன சொல்கிறது? டியூக் பல்கலைக்கழகத்தின் ஹாரிஸ் கூப்பர் பல ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் வெளியிட்ட முடிவு அடிக்கடி எடுத்துக் காட்டப்படுகிறது. மேல் வகுப்புகளில் வீட்டுவேலைக்கும் புள்ளிகளுக்கும் ஓரளவு தொடர்பு தெரிகிறது. ஆரம்ப வகுப்புகளில் அது மிக மெல்லியது. 2012ஆம் ஆண்டின் பீசா (PISA) சர்வதேச மாணவர் மதிப்பீட்டு ஒப்பீட்டில் 15 வயது மாணவர் வாரத்துக்குச் செலவிட்ட நேரம் ஷாங்காயில் 13.8 மணி, பின்லாந்தில் 2.8 மணி. இரண்டு இடங்களும் நல்ல புள்ளி எடுத்தவை. ஆகவே மணிக்கணக்கை வைத்து மட்டும் வாதாட முடியாது.

நாவற்குடாவில் மணிக்கணக்கைத் தீர்மானிப்பது பெரும்பாலும் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை. பெயர்போன பாடசாலையில் இடம், கொஞ்சம் உதவிப்பணம், ஊரில் ஒரு மரியாதை: எல்லாம் ஒரே வெட்டுப்புள்ளியில் தொங்குகின்றன. அந்த ஆண்டு வீட்டுவேலை என்றால் மாதிரி வினாத்தாள்தான். பள்ளிக்கூடம் ஒன்று கொடுக்கும், ரியூசன் இன்னொன்று கொடுக்கும். இரண்டு பேரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வதில்லை.

ஆசிரியர் பக்கமும் ஒரு கணக்கு இருக்கிறது. வகுப்பில் 40 பிள்ளைகள், ஒரு கொப்பிக்கு இரண்டு நிமிடம் என்றால் ஒரு பாடத்துக்கு மட்டும் 80 நிமிடம். அதனால்தான் பல கொப்பிகளில் ஒரு சரிக்குறியும் திகதியும் மட்டும் கிடக்கின்றன. பிழையாகச் செய்த பிள்ளை அந்தப் பிழையையே நாலு நாள் பழகிவிடுகிறது. கொடுக்காமல் விடுவதை விட இது மோசம்.

வீட்டின் நிலைமையும் ஒரே மாதிரி இருப்பதில்லை. 2022 மார்ச்சில் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே தள்ளிப்போனது. அதே மாத முடிவில் நாட்டில் 13 மணி நேர மின்வெட்டு. குப்பி விளக்கில் எழுதிய பிள்ளைக்கும் சூரிய மின்கலம் உள்ள வீட்டுப் பிள்ளைக்கும் மறுநாள் கேள்வி ஒன்றுதான்: "வீட்டுவேலை செய்தாச்சா?" அருகே கல்லடி உப்போடையில், 1929இல் சுவாமி விபுலாநந்தர் தொடக்கிய சிவானந்தா பாடசாலையை ஒட்டி வளர்ந்த இராமகிருஷ்ண மிஷன் மாணவர் இல்லம் போன்ற விடுதிகளில் இந்தச் சிக்கல் குறைவு. விளக்கும் பொது, படிக்கும் நேரமும் பொது, கேட்பதற்கு ஒரு மூத்த மாணவனும் உண்டு. வீட்டுவேலையைப் பள்ளிக்கூட வளவுக்குள்ளேயே அரை மணி நேரம் செய்ய வைக்கலாம் என்று சொல்வோருக்கு இது பழைய சாட்சி.

கீழ் வகுப்புகளில் எழுத்து வேலையை விட்டுவிடலாம். வாசிப்பும் பேச்சும் போதும். கடையும் காசும் தேவைப்படும் எதையும் எந்த வகுப்புக்கும் கொடுக்கக்கூடாது. பறவைப் படத்துக்குப் பதிலாக, வாவி மீன் ஐந்தின் பெயரை வீட்டிலே கேட்டு வா என்று சொன்னால் போதும். பின்னம் தெரியாத அம்மம்மா மணலை, ஒட்டி, கெளுத்தி என்று தொடங்கி, எந்த மாதத்தில் எது வலையில் விழும் என்பதையும் சேர்த்துச் சொல்லுவார். ஐந்தில் நிறுத்தச் சொல்வதுதான் பிள்ளைக்குப் பாடு.