மாயக் கடிகாரம்

கடிகாரத்தின் முட்களை நகர்த்துவது யாது? முகத்தட்டின் பின்னே மறைந்துள்ள பொறி என்று தயங்காது விடை கூறுவோம். ஆனால், முகத்தட்டு முழுவதும் தெளிந்த கண்ணாடியாகவே இருப்பின், பொறி எங்கே மறைந்திருத்தல் கூடும்? பின்புறம் வெறுமையாய்த் தோன்ற, முட்கள் மட்டும் வெட்டவெளியில் நின்று நகரும் விந்தைக் கருவிகள் உண்டு. அவை மாயக் கடிகாரங்கள் எனப் பெயர் பெற்றன.

இக்கலையில் புகழ் எய்தியவர் பிரான்சு நாட்டினரான ரொபேர்-ஊதேன். அவர் 1805ஆம் ஆண்டில் புளுவா நகரில், கடிகாரத் தொழிலாளர் ஒருவரின் மகனாய்ப் பிறந்தார். தாமும் அத்தொழிலைப் பயின்றார். பின்னர்ச் செப்பிடு வித்தையிலும் தேர்ந்து, 1845இல் பாரிஸ் நகரில் தமக்கென ஓர் அரங்கு அமைத்தார். அவர் காட்டிய வழியைப் பின்பற்றி, மோரிஸ் கூவே என்னும் கைவினைஞர், கார்ட்டியே என்ற நகை நிறுவனத்திற்காக 1912ஆம் ஆண்டளவில் அழகிய மாயக் கடிகாரங்களைச் செய்தளித்தார்.

கூவே செய்த கடிகாரத்தின் மறைபொருள் யாது? அதன் பொறி முழுவதும் அடிப்பீடத்தில் ஒளிந்துள்ளது. முட்கள் தாமே சுழல்வதில்லை. ஒவ்வொரு முள்ளும் ஒரு பளிங்கு வட்டில் பொருத்தப்பட்டுள்ளது. வட்டே முள்ளுடன் சேர்ந்து சுழல்கின்றது. நிமிடமுள் பொருந்திய வட்டு 1 மணி நேரத்தில் ஒரு முறையும், மணிமுள் பொருந்திய வட்டு 12 மணி நேரத்தில் ஒரு முறையும் சுற்றி வரும். வட்டுகளின் விளிம்பில் உள்ள பற்களைச் சட்டம் மறைக்கின்றது. பீடத்துப் பொறியின் இயக்கம், சட்டத்தினுள் செல்லும் மெல்லிய தண்டுகள் வழியே அப்பற்களை அடைகின்றது.

வட்டு சுழல்வதை நம் கண் ஏன் காண்பதில்லை? வட்டமான தெளிந்த கண்ணாடி எவ்வளவு சுழன்றாலும் தோற்றத்தில் மாறுவதில்லை. அதன்மேல் மைத்துளி ஒன்றை இட்டுச் சுழற்றினால், துளி மட்டுமே சுற்றுவதுபோல் தோன்றும்.

மறைந்த பொறி மகிழ்விக்கவும் கூடும், மருட்டவும் கூடும். 1856இல் பிரெஞ்சு அரசு, தன் ஆட்சியின் வலிமையை அல்சீரிய மக்களுக்குக் காட்டும் பொருட்டு ரொபேர்-ஊதேனை அங்கு அனுப்பிற்று. வலிமை மிக்க ஒருவரும் தூக்க இயலாத சிறு பெட்டியைக் கண்டு அவையோர் அஞ்சினர் என்று அவரே எழுதியுள்ளார். பெட்டியை ஈர்த்துப் பிடித்தது மறைந்திருந்த மின்காந்தமே! அதனை அவையோர் அறிந்திருப்பின், அச்சத்திற்கு இடம் ஏது?

ஆகவே, மாணவர்களே! விந்தையைக் கண்டால் வியப்படையுங்கள். ஆயின் வியப்போடு நின்றுவிடாதீர்கள். பீடத்தையும் சட்டத்தையும் ஆராய்ந்து பாருங்கள். ஆராயும் அறிவுடையாரை எவரும் எளிதில் அச்சுறுத்த இயலாது.