உள்ளுறையும் கூற்றும்

கருப்பொருளுள் தெய்வம் ஒழிந்தனவற்றை நிலைக்களனாகக் கொண்டு உள்ளுறை தோன்றும் என்பர் தொல்காப்பியர். அதனைக் காண்பார் பலர், கருப்பொருள் ஒவ்வொன்றிற்கும் ஒரு மாந்தரை ஈடாக நிறுத்தி அமைவர். கூறுவோர் யார், கேட்போர் யார் என முதற்கண் வினவுவதில்லை. ஆலங்குடி வங்கனாரின் குறுந்தொகை 8ஆம் பாட்டை ஈண்டு நோக்குவோம்.

வயலருகே நின்ற மாமரத்தின் முதிர்ந்த கனி தானே உதிர்கின்றது. பொய்கை வாளை அதனைக் கவ்வுகின்றது. அத்தகைய ஊரனைப் பற்றிப் பேசுபவள் பரத்தை. தலைவி தன்னைப் பழித்தாள் எனக் கேட்டு, அவள் பாங்காயினார் செவிப்படப் பேசுகின்றாள். 'யான் அவனை வலிந்து கவர்ந்தேன் அல்லேன். கனிந்து வீழ்ந்தவன் அவனே' என்னும் மறுமொழி முழுவதும் அவ்வூர் வருணனையுள் அடங்கிவிட்டது. இதே காட்சியைத் தலைவி கூறினாளாயின், வாளையின் வேட்கையே மேலெழுந்து தோன்றும். பழி இடம் மாறும்.

துறைக்குறிப்பு பின்னோர் வகுத்ததன்றோ எனின், ஈண்டு அதனை மட்டும் சார்ந்து நிற்க வேண்டுவதில்லை. தலைவியை அவன் மகனைப் பெற்றவள் எனப் படர்க்கையிற் சுட்டுதலின், பேசுபவள் பிறள் என்பது பாட்டாலேயே பெறப்படும். மனைக்கண் அவன், எதிர்நிற்பார் அசைந்தவாறே அசையும் கண்ணாடி நிழல் போன்றவன் என்பது வெளிப்படை உவமை, உருபும் பெற்றது. ஏளனத்தை வெளிப்படையாகவும் தற்காப்பை மறைவாகவும் வைத்தாள்.

வயல் இன்னது, பொய்கை இன்னது என எஞ்சிய சொற்களுக்கும் பொருள் தேடுவார் உளர். மாணவர் விடைத்தாள்களில் இது மிகுதி. அவளது வழக்கிற்கு அவை துணைசெய்யாமையின், யான் கொள்ளேன்.