அப்பன் பெயர் எந்த ஏட்டில்?

தாய்லாந்து நாட்டிலே காஞ்சனபுரி என்றோர் ஊர். அங்கே ஒரு கல்லறைத் தோட்டம். பச்சைப் புல்வெளி, வரிசை வரிசையாகக் கற்கள், கற்களிலே பெயர்கள். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரிடம் சிக்கி, சயாம்–பர்மா ரயில் பாதை போட்டுச் செத்த போர்க் கைதிகளுக்கான இடம் அது. எத்தனை பேர் தெரியுமா? 6,982! ஏறத்தாழ ஏழாயிரம் என்று சொல்லி முடித்துவிடவில்லை. ஒன்று கூடாமல், ஒன்று குறையாமல் எண்ணி வைத்திருக்கிறார்கள்.

அதே பாதையில் மாண்ட ஆசியத் தொழிலாளர் எத்தனை பேர்? 80,000 முதல் 1,00,000 வரை இருக்கலாம் என்கிறார்கள். இருக்கலாமாம்! இடையிலே 20,000 பேர். ஓர் ஊரே அடங்கும் அந்த இடைவெளிக்குள். செத்தவன் கூலி, ஆகவே கணக்கும் குத்துமதிப்பு!

அந்தக் குத்துமதிப்புக்குள்ளேதான் தோழர்களே, நம்மவர்கள் கிடக்கிறார்கள். வானம் பொய்த்து, வட்டி வளர்ந்து, வைகைக் கரையிலே வாழ வழியின்றிப் போனவர்கள். மதுரை, இராமநாதபுரம், திருச்சி, தஞ்சை மாவட்டத்து மக்கள். கங்காணியின் பேச்சை நம்பி, நாகப்பட்டினத்தில் கப்பலேறி, மலேயா ரப்பர்த் தோட்டத்திலே பால் வெட்டியவர்கள். மாதம் பிறந்தால் மணியார்டர் வந்தது. ஆண்டுக்கொரு முறையேனும் கடிதம் வந்தது.

1941 டிசம்பரிலே ஜப்பான் படை மலேயாவில் இறங்கிற்று. 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மணியார்டரும் நின்றது, கடிதமும் நின்றது.

அங்கே நடந்ததென்ன? பர்மாவிலிருந்த தன் படைக்குத் தளவாடம் அனுப்ப ஜப்பானுக்கு ஒரு ரயில் பாதை தேவைப்பட்டது. காடும் மலையும் குடைந்து 415 கிலோமீட்டர்! 1942-ல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். மலேயாவிலிருந்து மட்டும் எழுபதாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொண்டுபோனார்கள், பெரும்பாலோர் தமிழர். நல்ல கூலி, சில மாத வேலை என்று ஆசை காட்டினார்கள். இலவசச் சினிமா என்று அழைத்து, கதவைச் சாத்தி, அப்படியே வண்டியேற்றினார்கள் என்றும் உயிர் தப்பியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். 1943 மழைக்காலத்திலே காலரா வந்தது. கைதிகளின் முகாமிலே அவர்களுடைய படை மருத்துவர்களாவது இருந்தார்கள். கூலியின் கொட்டகையிலே யார் இருந்தார்கள்? செத்தவனைப் புதைக்கச் சாகப் போகிறவன் இருந்தான், அவ்வளவுதான்!

இங்கே ஊரிலே அவன் மனைவி காத்திருந்தாள். 1945-ல் போர் முடிந்தது. சிலர் திரும்பினர், பலர் திரும்பவில்லை. செத்தான் என்று சொல்லவும் ஆளில்லை, இருக்கிறான் என்று சொல்லவும் ஆளில்லை. தாலியை அறுப்பதா, வைத்துக்கொள்வதா? எந்த நாளை இறந்த நாள் என்று கொள்வது? பட்டாவை யார் பெயருக்கு மாற்றுவது? ஏழாண்டு தகவல் இல்லையென்றால் இறந்ததாகக் கொள்ளலாம் என்கிறது சட்டம். வழக்கு மன்றத்துக்கு அது போதும். ‘அப்பா எங்கே?’ என்று கேட்கும் பிள்ளைக்குப் போதுமா?

அந்நாளில் கைக்குழந்தையாக இருந்தவருக்கு இன்று எண்பதைக் கடந்த வயது. அவர் தேடப் புறப்பட்டால் எங்கே போவார்? பிரிட்டிஷ் கைதி ஒருவரின் மகன் தேடினால், ஜப்பானியர் ஆளுக்கொன்றாய் எழுதி வைத்த அட்டை இருக்கிறது. லண்டனில் ஆவணக் காப்பகம் இருக்கிறது. காஞ்சனபுரியிலே 2003-ல் ஏற்பட்ட ஆராய்ச்சி மையமும் இருக்கிறது. தந்தை எந்த முகாமில் இருந்தார், எந்த நோயில் மாண்டார் என்று விடை பெறலாம். அவர்கள் பெற்றதைக் கண்டு நமக்குப் பொறாமையில்லை. அவர்களும் அடிபட்டுச் செத்தவர்களே. நாம் கேட்பது, நம்மவனுக்கு ஏன் ஓர் அட்டை இல்லை என்பதுதான். 1990-ல் அதே காஞ்சனபுரியிலே மண்ணைத் தோண்டியபோது எலும்புக்கூடுகள் குவியல் குவியலாக வெளிவந்தன. எந்த எலும்பு எவருடைய தந்தை?

பெயர் எழுதி வைப்பது நமக்குத் தெரியாத வித்தையா? மதுரைக்கு மேற்கே, ஆண்டிப்பட்டி வட்டாரத்துப் புலிமான்கோம்பையில் 2006-ல் நடுகற்கள் கிடைத்தன. ஈராயிரம் ஆண்டுக்கும் முற்பட்டவை. மாடு பிடி சண்டையிலே செத்தவனுக்கு, அவன் பெயரையும் ஊரையும் தமிழி எழுத்திலே வெட்டி வைத்திருக்கிறான் நம் பாட்டன்! மாட்டுக்காகச் செத்தவனுக்குக் கல் நட்ட மண்ணிலே, மனிதனை மாடாக ஓட்டிப்போய்ச் சாகடித்தபோது ஒரு காகிதமும் இல்லை!

அரசுகள் செய்ததென்ன? 1951 சான் பிரான்சிஸ்கோ உடன்படிக்கையிலே போர்க் கைதிகளுக்கு ஈடு செய்ய ஒரு விதி இருந்தது, கூலிக்கு இல்லை. 1952 ஜூன் 9-ல் இந்தியா ஜப்பானோடு தனி உடன்படிக்கை செய்து, இழப்பீட்டுக் கோரிக்கைகளைக் கைவிட்டது. பெருந்தன்மைதான், மறுக்கவில்லை. ஆனால் பெருந்தன்மை காட்டுமுன், இழந்தவள் யார் என்று ஒரு முறை கேட்டிருக்க வேண்டாமா?

“எண்பதாண்டு கழிந்த கதை, இனி எதற்கு?” என்பார் உண்டு. முதல் உலகப் போரிலே மாண்ட ஆசிய, ஆப்பிரிக்க வீரர்களிலும் தொழிலாளர்களிலும் குறைந்தது 1,16,000 பேருக்குப் பெயர் சொல்லி நினைவுச் சின்னம் வைக்கவில்லை என்று, காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே 2021-ல் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. நூறாண்டு கழித்து அவர்கள் ஏட்டைப் புரட்டலாமாம். எண்பதாண்டு கழித்து நாம் கேட்கக்கூடாதாம்!

தென்மாவட்டத்து மகன் ஒருவர், 1967-ல் மலேசியாவிலே மறைந்த தந்தையின் கல்லறையை 2022-ல் தேடிக் கண்டார். எப்படி முடிந்தது? கல்லிலே பெயர் இருந்தது. அவ்வளவுதான் இரகசியம்.

2023-ல் காஞ்சனபுரியிலே மரண ரயிலில் மாண்ட தமிழருக்கு ஒரு நடுகல் எழுந்தது; தாய்லாந்துத் தமிழர் முயற்சி அது. வாழ்த்துவோம். ஆனால் அது அனைவருக்குமாக நட்ட ஒரு கல். அதில் பொறிக்க வேண்டிய பெயர்கள் அங்கே இல்லை, இங்கே இருக்கின்றன. மேலூரிலே, திருமங்கலத்திலே, உசிலம்பட்டியிலே, பரண்மேல் கிடக்கும் தகரப் பெட்டியிலே, பழைய மணியார்டர் துண்டிலே, கிழவியின் நினைவிலே இருக்கின்றன.

ஆலைத் தொழிலாளிக்குச் சொல்ல வேண்டியதில்லை: வருகைப் பதிவேட்டிலே பெயர் இல்லாதவன், செத்தாலும் வேலை பார்த்தவன் ஆகமாட்டான். ஆகவே, படிப்பகத்துத் தோழர்களே, ஆளுக்கொரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். போனவர் பெயர், தகப்பன் பெயர், ஊர், கப்பலேறிய ஆண்டு, தோட்டத்தின் பெயர், கடைசிக் கடிதம் வந்த காலம் — இவ்வளவு போதும். முதியோர் இருக்கும்போதே கேளுங்கள். அவர்களும் போய்விட்டால் ஏடும் போய்விடும். எழுதியதை அரசிடம் கொடுங்கள்; பட்டியலாக்கி அச்சிடு என்று கேளுங்கள். இன்று பிழைப்புக்காகக் கடல் கடப்பவன் பெயரையும் எழுதி வையுங்கள்.

மாண்டவர் எண்பதாயிரமா, ஒரு லட்சமா என்பதற்கு நம்மால் விடை காண முடியாமற் போகலாம். ஆனால் ஒருவர், இருவர், மூவர் என்று பெயர் சொல்லி எண்ணத் தொடங்க முடியும். தொடங்குவோம்!