கையெழுத்துக்கு முன் பத்து நிமிடம்

“தம்பி, இதுல செத்துப்போறதப் பத்தி ஏதாவது போட்டிருக்கா?”

சேலையூரில் எங்கள் எதிர்வீட்டு அக்கா அந்தப் படிவத்தை என்னிடம் நீட்டிக் கேட்டபோது காலை மணி 6.50. ஜிஎஸ்டி சாலையோரம் ஒரு தனியார் மருத்துவமனையின் அவசரப் பிரிவு. எட்டுப் பக்கப் படிவம், முழுக்க ஆங்கிலம். ஸ்கேனுக்குக் கொண்டுபோகும் முன் கழற்றிக் கொடுத்த கணவரின் வாட்சையும் வெள்ளி அரைஞாணையும் இன்னொரு கையில் இறுக்கிப் பிடித்திருந்தார். “சீக்கிரம் போடுங்கம்மா, நேரம் போகுது” என்றார் நர்ஸ். அக்கா கேட்டது ஐந்தாம் பக்கத்தில் இருந்தது, ரத்தக்கசிவுக்கு அடுத்த வரியில்.

நர்ஸ் சொன்னது சரி. மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பு செல்கள் அழிகின்றன. அக்கா கேட்டதும் சரி. கட்டிய கணவரின் மூளைக்குள் என்ன செய்யப்போகிறார்கள் என்று தெரியாமல் யார் கையெழுத்துப் போடுவார்கள்? இந்த இரண்டுக்கும் சேர்த்துக் கிடைப்பது பத்து நிமிடம்தான். அந்தப் பத்து நிமிடத்தில் கேட்க வேண்டியதை உடம்பு நன்றாக இருக்கும்போதே தெரிந்துவைத்திருந்தால்தான் உண்டு.

வாய் கோணிக்கொண்டு, கை கால் விழுந்து, பேச்சு குழறினால் பக்கவாதம் என்று நம் எல்லோருக்கும் தெரியும். ரத்தக்கட்டு அடைத்து வந்த வாதமா, ரத்தக்குழாய் வெடித்து வந்ததா என்பது சிடி ஸ்கேனில்தான் தெரியும். அதனால்தான் வீட்டிலேயே ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது. அடைப்பு என்றால், அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் கட்டைக் கரைக்கும் ஊசி போடலாம். பெரிய குழாயில் அடைப்பு என்றால் ஊசி மட்டும் பல நேரங்களில் போதாது. தொடை இடுக்கு வழியாகவோ மணிக்கட்டு வழியாகவோ மெல்லிய குழாயை ஏற்றி, கழுத்து வழியாக மூளைவரை கொண்டுபோய், வலைபோன்ற ஸ்டென்டால் பிடித்தோ உறிஞ்சியோ அந்தக் கட்டை வெளியே இழுக்கிறார்கள். 6 மணி நேரத்துக்குள் செய்வது வழக்கம். 2018-ல் வந்த இரண்டு ஆய்வுகளுக்குப் பிறகு, ஸ்கேனில் இன்னும் பிழைக்கக்கூடிய மூளைப்பகுதி தெரிகிற சிலருக்கு 24 மணி நேரம்வரைகூடச் செய்கிறார்கள்.

இந்த மணிக்கணக்கு, நோயாளியைக் கண்டுபிடித்த நேரத்திலிருந்து ஓடுவதில்லை. கடைசியாக அவர் நன்றாக இருந்ததை யாராவது பார்த்த நேரத்திலிருந்து ஓடுகிறது. அக்கா முதலில் “அஞ்சரைக்குப் பார்த்தேன், விழுந்து கிடந்தார்” என்றுதான் சொன்னார். டாக்டர் திரும்பத் திரும்பக் கேட்ட பிறகுதான், “நாலரைக்கு எழுந்து மோட்டார் போட்டார், சத்தம் கேட்டுச்சு, என்கிட்ட பேசினார்” என்று நினைவு வந்தது. அந்த மோட்டார் சத்தம்தான் கணக்கின் தொடக்கம் ஆயிற்று.

இப்போது ஆபத்துகள். மூடி மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். குழாய் ஏற்றும்போது மூளை ரத்தக்குழாயில் ஓட்டை விழலாம். ரத்தக்குழாயின் உட்சுவர் கிழியலாம். கட்டு உடைந்து அதன் துணுக்கு வேறொரு கிளைக்குப் போய் அங்கே அடைக்கலாம். எடுத்த இடத்திலேயே மறுபடியும் அடைக்கலாம். மூளைக்குள்ளேயே கொழுப்பு படிந்து சுருங்கிய குழாய்கள் மேலைநாட்டாரைவிட ஆசியர்களிடம் அதிகம் என்பதால், நம் ஆட்களுக்கு இந்தக் கடைசி ஆபத்தைக் கூடுதலாகவே பார்க்க வேண்டியிருக்கிறது. அப்போது பலூனோ நிரந்தர ஸ்டென்டோ வைக்க நேரும், செலவும் ஏறும். குழாய் திறந்தபின் செத்த பகுதிக்குள் ரத்தம் பாய்ந்து கசியலாம். மூளை வீங்கி, மண்டையோட்டின் ஒரு பகுதியைத் திறக்கவேண்டியும் வரலாம். சர்க்கரையால் ஏற்கெனவே சிறுநீரகம் பழுதானவர்களுக்கு, செலுத்தும் சாய மருந்து இன்னொரு சுமை.

இதைப் படித்துவிட்டு “வேண்டாம், ஊசியோட விட்டுடுங்க” என்று சொல்லிவிடாதீர்கள். 2015-ல் வெளிவந்த ஐந்து பெரிய ஆய்வுகளின் 1,287 நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்தபோது, கட்டை எடுத்தவர்களில் நூற்றுக்கு 46 பேர் மூன்று மாதம் கழித்துப் பிறர் உதவியின்றித் தங்கள் வேலையைத் தாங்களே பார்த்துக்கொண்டார்கள். எடுக்காதவர்களில் அது 26.5. நிலைமையை மோசமாக்கிய மூளை ரத்தக்கசிவு இரு தரப்பிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: 4.4, 4.3. இறப்பு 15.3, 18.9. அதாவது, நாம் உள்ளே ஏற்றும் குழாயைப் பார்த்துப் பயப்படுகிற ரத்தக்கசிவு, கட்டை எடுப்பதால் கூடியதாகத் தெரியவில்லை. ஆனால் அந்த ஆய்வுகள் தேர்ந்த கைகள் உள்ள மையங்களில் நடந்தவை. ஆகவே எங்கே போகிறோம் என்பது முக்கியம்.

தாம்பரம் பக்கம் இதுதான் பெரிய சிக்கல். பெருங்களத்தூரிலிருந்து பல்லாவரம்வரை சாலைக்கு இருபுறமும் மருத்துவமனைகள். குழாய் ஏற்றிச் சிகிச்சை செய்யும் கேத் லேப் எல்லாவற்றிலும் கிடையாது. இருந்தாலும் மூளைக் குழாயில் வேலைசெய்யும் டாக்டர் ராத்திரியில் இருப்பார் என்று சொல்ல முடியாது. ஒரு இடத்தில் சேர்த்து, ஸ்கேன் எடுத்து, பணம் கட்டி, “மேல்சிகிச்சைக்குக் கூட்டிட்டுப் போங்க” என்று அவர்கள் சொல்லக் கேட்டு, குரோம்பேட்டை நெரிசலில் சிக்கி அடுத்த இடத்துக்குப் போவதற்குள் அந்த 6 மணி நேரம் கரைந்துவிடும். வண்டி கிளம்பும்போதே போன் போட்டுக் கேளுங்கள்: “மூளையில அடைப்பு எடுக்கிற டாக்டர் இப்ப வருவாரா, கேத் லேப் இப்ப ஓடுதா?” 108 ஊழியரிடமும் பக்கவாதம், கடைசியாக நன்றாக இருந்த நேரம் இன்னது என்று இரண்டையும் சொல்லுங்கள். ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரம் இலவசம்தானே என்று சிலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அது சாலை விபத்துக்கானது. பக்கவாதத்துக்கு முதலமைச்சரின் விரிவான காப்பீட்டு அட்டை இருந்தால், இந்த மருத்துவமனையில் இந்தச் சிகிச்சை அதில் வருமா என்று காப்பீட்டுக் கவுண்டரில் அப்போதே கேட்டுவிட வேண்டும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு.

பணம் கட்டினால்தான் தொடுவோம் என்றால்? உயிரைக் காப்பது அரசு, தனியார் என்ற பேதமின்றி எல்லா டாக்டர்களின் கடமை என்று பரமானந்த் கட்டாரா வழக்கில் 1989-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சம்மதப் படிவத்துக்கு அடிப்படை, சமீரா கோலி வழக்கில் 2008 ஜனவரியில் வந்த தீர்ப்பு. டெல்லியில் பரிசோதனைக்காக மயக்கம் கொடுக்கப்பட்ட பெண்ணின் கருப்பையையும் சினைப்பைகளையும், வெளியே இருந்த தாயிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு அகற்றிவிட்டார்கள். அது செல்லாது என்றது நீதிமன்றம். சிகிச்சை என்ன, எதற்கு, வேறு வழி உண்டா, முக்கிய ஆபத்துகள் எவை, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதை டாக்டர் சொல்லியிருக்க வேண்டும். எங்கோ ஒருவருக்கு வரும் அரிய ஆபத்தையெல்லாம் அடுக்கத் தேவையில்லை. நோயாளி நினைவின்றி உயிருக்குப் போராடும்போது, சம்மதத்துக்குக் காத்திராமல் உயிர்காக்கும் சிகிச்சை செய்யவும் சட்டம் இடம் தருகிறது. அவருக்கு நினைவிருந்து தலையாவது ஆட்ட முடிந்தால், முதலில் அவரிடமே சொல்ல வேண்டும். நமக்குப் புரியும் மொழியில் கேட்பது நம் உரிமை. அன்று “தமிழ்ல இல்லையா சிஸ்டர்?” என்று கேட்டதும் மேசைக்கடியிலிருந்து தமிழ்ப் படிவம் வந்தது. கேட்கும்வரை அது அங்கேயேதான் இருந்தது.

கையெழுத்துப் போட்டவர் அதன்பின் கண்காணிப்பாளரும் ஆகிறார். தொடையில் குழாய் போட்டிருந்தால் சில மணி நேரம் அந்தக் காலை மடக்கக் கூடாது. அங்கே போட்ட துணிக்கட்டு நனைகிறதா, தொடை வீங்குகிறதா, பாதம் சில்லிடுகிறதா என்று பாருங்கள். முதுகுவலியோடு ரத்த அழுத்தம் இறங்கினால் வயிற்றின் பின்புறம் ரத்தம் சேர்ந்திருக்கலாம். திடீர் தலைவலி, வாந்தி, எழுப்ப முடியாத தூக்கம் எது வந்தாலும் உடனே ஐசியூ டாக்டரைக் கூப்பிடுங்கள். விழுங்கும் பரிசோதனை முடியும்வரை ஒரு வாய் தண்ணீர்கூட வேண்டாம். “நாக்கு வறண்டு போச்சு பாவம்” என்று பாசத்தோடு ஊற்றும் காபி நேராக நுரையீரலுக்குப் போய் நிமோனியாவில் கொண்டுவிடும்.

எல்லாம் செய்தும் கெட்டது நடந்தால்? சிக்கல் வந்ததாலேயே டாக்டர் தவறு செய்தார் என்று ஆகாது. 2005-ல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. ரத்தக்குழாயில் ஓட்டை விழுந்தது சிக்கலாக இருக்கலாம். அதைக் கவனிக்காமல் மணிக்கணக்கில் விட்டதும், நடந்ததை மறைத்ததும், ஆளில்லாத இடத்தில் நோயாளியை நிறுத்திவைத்ததும் வேறு விஷயம். எது எது என்று பிரித்துப் பார்க்க ஆவணம் வேண்டும். எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும் என்பது 2002-ன் மருத்துவ நெறிமுறை விதி. டிஸ்சார்ஜ் சம்மரியோடு திருப்தி அடையாதீர்கள். கேஸ் ஷீட், நர்ஸ் குறிப்பு, மயக்க மருந்துக் குறிப்பு, சிடி ஸ்கேன், ஆஞ்சியோ பதிவான குறுந்தட்டுகள், பயன்படுத்திய கருவியின் ஸ்டிக்கர் எல்லாவற்றையும் கேளுங்கள்.

முதலில் மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் கேள்வி. டாக்டரின் நடத்தை பற்றி என்றால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில். மருத்துவமனையின் வசதி, பதிவு பற்றி என்றால் மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர். இழப்பீடு வேண்டுமானால் நுகர்வோர் ஆணையம். தாம்பரம், பல்லாவரம், வண்டலூர் வட்டத்தார் செங்கல்பட்டு மாவட்ட ஆணையத்தை நாடலாம். சோழிங்கநல்லூர், ஆலந்தூர் வட்டங்கள் சென்னை மாவட்டத்தில் வருகின்றன. நாம் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போட 2019-ன் சட்டம் வழி செய்திருக்கிறது. செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. கெடு இரண்டு ஆண்டு. துக்கத்தில் இந்தக் கெடுவைத் தவறவிட்ட குடும்பங்கள் உண்டு. எல்லோருக்கும் இலவசமாகவே சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை இந்தச் சட்டத்துக்குள் வராது. அங்கே டீன், மாநில மனித உரிமை ஆணையம், உயர் நீதிமன்றம் என்று வேறு பாதை. வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் 15100-ல் இலவச சட்ட உதவி கேட்கலாம்.

எதிர்வீட்டு அண்ணனுக்குக் கட்டு வெளியே வந்தது. அன்று இரவு தொடையில் ரத்தம் கசிந்தது. போர்வையை விலக்கிப் பார்த்த மகள்தான் முதலில் கண்டாள். டாக்டர் வந்து அழுத்திப் பிடித்து நிறுத்தினார். இடது கை இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. பதிவுகளை அக்கா எழுதிக் கேட்டு வாங்கி, ரேஷன் கார்டு இருக்கும் பிளாஸ்டிக் கவரில் வைத்திருக்கிறார். கேஸ் ஷீட்டின் முதல் வரியில் நேரம் 4.30 என்று இருக்கிறது. அதன் பக்கத்தில், மனைவி சொன்னபடி, மோட்டார் போட்டார்.