இணையத்தளங்களில் தமிழ் எழுத்துருத் தேர்வு

இணையத்தளங்களில் தமிழ் எழுத்துருத் தேர்வு என்பது, ஒரு தளத்தின் தமிழ் உரை வெவ்வேறு இயங்குதளங்களிலும் உலாவிகளிலும் பிழையின்றித் தோன்றும் வகையில் எழுத்துருக்களை அமைத்தலைக் குறிக்கும். தமிழைப் பொறுத்தவரை இது அழகு சார்ந்த தேர்வு மட்டும் அன்று. உரை எந்தக் குறியேற்றத்தில் சேமிக்கப்பட்டுள்ளது என்பதே முதன்மையான கேள்வியாகும்.

பின்னணி

1990களில் தமிழ்த் தளங்கள் பல, தமக்கெனத் தனிக் குறியேற்றம் கொண்ட எட்டு பிட் எழுத்துருக்களைப் பயன்படுத்தின. ஒவ்வொரு தளத்திற்கும் உரிய எழுத்துருவைப் படிப்பவர் தரவிறக்கி நிறுவ வேண்டியிருந்தது. நிறுவாதவருக்குப் பொருளற்ற குறிகளே தெரிந்தன. இச்சிக்கலைத் தீர்க்கத் திஸ்கி என்னும் பொதுக் குறியேற்றம் உருவாக்கப்பட்டது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை அடுத்து, தமிழ்நாடு அரசு தாம், தாப் ஆகிய குறியேற்றங்களை ஏற்றது. 2010இல் ஒருங்குறியும் டேஸ்16உம் அரசின் தகுதரங்களாக அறிவிக்கப்பட்டன. இன்று இணையத்தில் பரவலாக வழங்குவது ஒருங்குறியாகும்.

ஒருங்குறியில் எழுத்துருவின் பணி

சங்கரன்கோவில் என்னும் ஊர்ப்பெயரை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். இதில் உள்ள எழுத்துகள் எட்டு. ஒருங்குறியில் இது 13 குறிகளாகச் சேமிக்கப்படுகிறது. 'கோ' என்பது ககரம், ஓகார உயிர்க்குறி என இரண்டு குறிகளாகும். திரையில் அவ்வுயிர்க்குறியை இரண்டாகப் பிரித்து, ககரத்தின் இருபுறமும் இடுவது இயங்குதளமும் எழுத்துருவும் இணைந்து செய்யும் பணியாகும். இவற்றுள் ஒன்று குறைபட்டாலும் குறிகள் இடம் மாறித் தோன்றும். எனினும் சேமித்த உரை கெடுவதில்லை. தேடினால் ஊர்ப்பெயர் கிடைக்கும். பழைய குறியேற்றங்களில் உள்ள பக்கங்களை ஒருங்குறியில் தட்டச்சிட்டுத் தேடுபவர் கண்டடைய இயலாது.

தேர்வு முறை

விண்டோஸ் 2000 முதல் லதா எழுத்துருவும், விண்டோஸ் 8 முதல் நிர்மலா யுஐ எழுத்துருவும் வழங்கப்பட்டன. விண்டோஸ் 10இல் லதா, விருப்பத்தின் பேரில் நிறுவப்படும் கூடுதல் எழுத்துருவாயிற்று. ஆப்பிள் கருவிகளில் தமிழ் சங்கம் எம்என் எழுத்துருவும், ஆண்ட்ராய்டில் நோட்டோ எழுத்துருக்களும் உள்ளன. எனவே ஒரே எழுத்துருவின் பெயரை மட்டும் குறிப்பிடுவது போதாது. பின்வருவன கருத்தில் கொள்ளத்தக்கவை:

- பாணித்தாளில் பல எழுத்துருக்களை வரிசையாகக் குறிப்பிட்டு, இறுதியில் பொதுவான எழுத்துருக் குடும்பத்தைச் சேர்த்தல்.
- ஒரே தோற்றம் தேவையெனில், கட்டற்ற உரிமம் கொண்ட எழுத்துருவை வோஃப் வடிவில் தளத்திலிருந்தே வழங்குதல். இவ்வடிவம் 2012இல் உலகளாவிய வலைச் சேர்த்தியத்தின் பரிந்துரையானது.
- எழுத்துரு வந்து சேரும் வரை கருவியிலுள்ள எழுத்துருவில் உரை தெரியுமாறு அமைத்தல்.
- கொ, கோ, கௌ வரிசைகளையும், ணு, னூ போன்ற எழுத்துகளையும், ஸ்ரீ முதலிய கிரந்த எழுத்துகளையும் சோதித்தல்.
- மேல்விலங்குகளும் கீழ்வளைவுகளும் ஒன்றோடொன்று மோதாதவாறு போதிய வரி இடைவெளி விடுதல்.

பழைய பக்கங்கள்

எட்டு பிட் எழுத்துருவில் உள்ள உரையை ஒருங்குறிக்கு மாற்ற, எக்குறி எவ்வெழுத்தைச் சுட்டுகிறது என்ற அட்டவணை தேவை. அட்டவணை இல்லாதபோது எழுத்துருக் கோப்பே அதற்குச் சான்றாகும். இரண்டும் தொலைந்தால் உரையை மீட்பது கடினம். ஆகவே பழைய பக்கங்களைச் சேமிப்போர் அவற்றின் எழுத்துருக்களையும் உடன் சேமித்தல் இன்றியமையாதது.