அட்வான்சஸ் இன் புரோட்டீன் கெமிஸ்ட்ரி

அட்வான்சஸ் இன் புரோட்டீன் கெமிஸ்ட்ரி (புரத வேதியியலில் முன்னேற்றங்கள்) என்பது புரதங்கள் குறித்த மீளாய்வுக் கட்டுரைகளைக் கொண்ட ஆங்கில அறிவியல் தொகுதி வரிசை ஆகும். இதன் முதல் தொகுதி 1944 ஆம் ஆண்டில் நியூயார்க்கின் அகாடமிக் பிரஸ் பதிப்பகத்தால் வெளியிடப்பட்டது. மோர்ட்டிமர் லூயிஸ் ஆன்சன், ஜான் எட்சால் ஆகியோர் இதனைத் தொடங்கிய பதிப்பாசிரியர்கள் ஆவர். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்சால் (1902–2002) ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் இப்பொறுப்பில் இருந்தார்.

பதிப்பாசிரியரின் பணி

வழமையான ஆய்விதழில், வந்துசேரும் கட்டுரைகளுள் தக்கவற்றைத் தேர்ந்தெடுப்பதே பதிப்பாசிரியரின் முதன்மைப் பணி. மீளாய்வுத் தொடரில் நிலைமை வேறு. எந்தத் துறைப்பகுதி தொகுத்துக் கூறும் அளவுக்கு முதிர்ந்துள்ளது, அதனை எழுதத் தக்கவர் யார், அவருக்கு எவ்வளவு இடம் தரலாம் ஆகியவற்றைப் பதிப்பாசிரியரே முடிவு செய்து, கட்டுரையாளரை அழைக்க வேண்டும். சிதறிக் கிடக்கும் முடிவுகளை ஒருவர் ஒழுங்குபடுத்தும்போது, அதுவரை எவரும் காணாத கருத்து புலப்படுவதும் உண்டு.

குறிப்பிடத்தக்க கட்டுரைகள்

1959 இல் வெளியான 14 ஆம் தொகுதியில் வால்டர் காஸ்மன், புரதங்களின் இயல்பிழப்பு குறித்து எழுதினார். நீரை விரும்பாத பக்கத் தொகுதிகள் நீரிலிருந்து விலகி உட்புறம் ஒதுங்குவதே புரத மடிப்பை நிலைநிறுத்தும் முக்கியக் காரணி என்னும் கருத்து இதன் வழியே பரவலாக அறியப்பட்டது.

1968 இல் வெளியான 23 ஆம் தொகுதியில், இயல்பிழப்பு பற்றிய சார்லஸ் டான்ஃபோர்டின் கட்டுரையும், பாலிபெப்டைடுகள் மற்றும் புரதங்களின் வடிவமைவு பற்றி ஜி. என். இராமச்சந்திரனும் வி. சசிசேகரனும் எழுதிய கட்டுரையும் அடுத்தடுத்து இடம்பெற்றன. இரண்டும் தனித்தனியே 150 பக்கங்களைக் கடந்தவை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் உருவாகி 1963 இல் முதலில் வெளியிடப்பட்ட இராமச்சந்திரன் வரைபடத்தின் அடிப்படைகளை இக்கட்டுரை விரிவாக விளக்கியது.

1981 இல் 34 ஆம் தொகுதியில் ஜேன் ரிச்சர்ட்சன் புரதக் கட்டமைப்புகளை வகைப்படுத்தி எழுதினார். இதற்காக அவர் கையால் வரைந்த நாடாப் படங்களே, இன்று பாடநூல்களிலும் கணினித் திரைகளிலும் காணப்படும் புரதப் படங்களுக்கு முன்மாதிரி.

ஊ சியனின் கட்டுரை

முட்டையின் வெண்கரு வெந்து கெட்டிப்படுவது இயல்பிழப்புக்கு எளிய எடுத்துக்காட்டு. இயல்பான புரதம் ஒழுங்காக மடிந்த கட்டிறுக்கமான மூலக்கூறு, பெப்டைடு பிணைப்புகள் அறுபடாமலே அம்மடிப்பு குலைவதே இயல்பிழப்பு என்னும் கொள்கையைச் சீன உயிர்வேதியியலாளர் ஊ சியன் 1931 இல் சீன உடலியங்கியல் ஆய்விதழில் வெளியிட்டார். எனினும் மேற்கு நாடுகளில் இக்கொள்கை, 1936 இல் ஆல்ஃபிரட் மிர்ஸ்கியும் லினஸ் பாலிங்கும் எழுதிய கட்டுரையுடனேயே பெரிதும் இணைத்துப் பேசப்பட்டது. இத்தொடரைத் தொடங்கியவர்களுள் ஒருவரான ஆன்சன், மிர்ஸ்கியுடன் சேர்ந்து இயல்பிழப்பை ஆராய்ந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது.

1995 இல் 46 ஆம் தொகுதி ஊ சியனின் கட்டுரையை முழுமையாக மறுபதிப்புச் செய்தது. அப்போது தொண்ணூறு வயதைக் கடந்திருந்த எட்சால் அதற்கு முன்னுரை எழுதி, ஊ சியனின் முன்னுரிமையை எடுத்துரைத்தார். 1959 இலேயே மறைந்துவிட்ட ஊ சியன் இதனைக் காணவில்லை. புதிய முன்னேற்றங்களைத் தொகுப்பதற்கெனத் தொடங்கிய தொடர், 64 ஆண்டுகள் பழைய கட்டுரை ஒன்றுக்கு இடமளித்தது இதன் வரலாற்றில் தனித்துத் தெரியும் நிகழ்வாகும்.

பிற்காலம்

1972 இல் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பெற்றவர்களுள் ஒருவரான கிறிஸ்டியன் ஆன்ஃபின்சென், ஃபிரெடரிக் ரிச்சர்ட்ஸ், டேவிட் ஐசன்பர்க் ஆகியோரும் பதிப்பாசிரியர்களாகப் பணியாற்றினர். 2000களின் இறுதியில் கட்டமைப்பு உயிரியலையும் சேர்த்துத் தொடரின் பெயர் விரிவாக்கப்பட்டது.